நட்சத்திரம் பார்த்து விருந்துக்குப் போகிறவர்கள்

கலியாணத்துக்கு நட்சத்திரம் பார்ப்பவர்களைக் கண்டு சிரிக்கும் எமது படித்த தலைமுறை, சாப்பாட்டுக்கு நட்சத்திரம் பார்ப்பதையிட்டு வெட்கப்படுவதில்லை. சாதகம் பார்க்கும் சாத்திரியாராவது எந்தக் கிரகம் எந்த வீட்டில் நிற்கிறது என்று ஒரு காரணம் சொல்வார். பாரிஸில் ஓர் உணவகத்துக்கு ஏன் மூன்று நட்சத்திரம், அடுத்த தெருவில் உள்ளதற்கு ஏன் ஒன்று என்று கேட்டால், கொடுத்தவர் இரண்டு மூன்று வரி வர்ணனை தருவார், காரணம் தரமாட்டார். அதை நம்பித்தான் ஒரு குடும்பம் ஒரு மாதச் சேமிப்பை ஓர் இரவில் மேசையில் வைத்துவிட்டு எழும்புகிறது.

பெருநகரங்களின் உயர்தர உணவகங்களில் இன்று பெருவழக்காகிவிட்ட ஒரு முறை உண்டு. ஆங்கிலத்தில் 'ரேஸ்ரிங் மெனு' என்றும் பிரெஞ்சில் 'மெனு தெகுஸ்தாசியோன்' என்றும் அதற்குப் பெயர். ஏழெட்டு முதல் இருபது வரையான சிறு பதார்த்தங்கள், சமையற்காரர் வகுத்த ஒழுங்கில், நிர்ணயித்த ஒரே விலைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும். முடிய இரண்டரை மணி நேரமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். வசதிக்காக இதனை நிரல் விருந்து என்று அழைக்கிறேன். இந்த விருந்தில் உண்பவர் எதையும் தெரிவு செய்வதில்லை. எத்தனை பதார்த்தம், எந்த ஒழுங்கு, எவ்வளவு அளவு, எந்த வேகம் என்பன எல்லாம் முன்பே முடிவாகிவிட்டன. அவரிடம் எஞ்சியிருப்பது ஒரேயொரு தெரிவு. எந்த வாசலுக்குள் நுழைவது என்பதே அது. அந்த ஒரு தெரிவையும் ஒரு ரயர் கொம்பனியிடமும் ஒரு வியாபாரச் சஞ்சிகையின் தரவரிசையிடமும் ஒப்படைத்துவிட்டு, அதற்கு இரசனை என்று பெயர் சூட்டிக்கொள்வதைத்தான் இங்கே எதிர்க்கிறேன்.

இது எமக்கு வேண்டாத விவாதம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த எமது பிள்ளைகள் தாய் தகப்பனின் அறுபதாம் பிறந்தநாளுக்கும் திருமண ஆண்டு நிறைவுக்கும் இத்தகைய உணவகங்களில் இடம் பதிவு செய்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டால் கைத்தொலைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டுகிறார்கள். பாரிஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நாம் இன்று அறிந்த வடிவில் உணவகம் பிறந்த ஊர் அது. நட்சத்திரம் வழங்கும் கைநூல் பிறந்த நாடும் பிரான்ஸ்தான். அந்நகரச் சமையலறைகளின் பின்கதவு வழியாக எம்மவர்கள் நாற்பது ஆண்டுகளாகப் போய் வருகிறார்கள் என்பது மூன்றாவது காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் பாரிஸில் வெளியில் உண்ண விரும்பிய ஒருவர் சத்திரக்காரரின் பொது மேசையில், அவர் குறித்த நேரத்தில், முன்பின் அறியாதவர்களுடன் அமர்ந்து, வைத்ததை உண்டார். கையெட்டியவருக்கு நல்ல துண்டு, எட்டாதவருக்கு எலும்பு. அதன் பின்னர் தோன்றிய உணவகம் மூன்று புதுமைகளைக் கொண்டுவந்தது: தனி மேசை, விரும்பிய நேரம், விலை எழுதிய பட்டியல். அந்தப் பட்டியல் சாதாரணமான பொருளன்று. பணம் கொடுத்து உண்ணும் மனிதன் முதன்முதலாகத் தன் நாவுக்கும் தன் மடிக்கும் ஏற்றதைத் தானே தெரிவு செய்யலாம் என்ற நிலையை அதுதான் உருவாக்கியது. நிரல் விருந்து அந்தப் பட்டியலைத் திரும்பப் பறித்துக்கொண்டது. தனி மேசை மட்டும் மிச்சம். வைத்ததை உண்ணும் பழைய சத்திரத்துக்கே மெழுகுதிரி ஏற்றிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு. 1973இல் கோல், மில்லோ என்ற இரு விமர்சகர்கள் 'புதிய சமையல்' என்ற கொடியை உயர்த்தினார்கள். கனத்த குழம்புகள் குறைந்தன. பதார்த்தங்களைத் தட்டிலேயே அழகுபடுத்தி அனுப்பும் வழக்கம் பரவியது. ஜப்பானின் 'கைசெக்கி' விருந்துமுறையைப் பிரெஞ்சுச் சமையற்காரர்கள் நேரில் கண்டு வந்தார்கள். பின்னர் ஸ்பெயினின் எல் புல்லி உணவகத்தில் பெரான் அட்ரியா முப்பதுக்கும் மேற்பட்ட சிறு பதார்த்தங்களை ஒரே இரவில் பரிமாறி உலகத்தையே அண்ணாந்து பார்க்க வைத்தார். சமையற்காரருக்கு இம்முறையில் இலாபம் உண்டு: எத்தனை பேர், எத்தனை மீன் என்பது காலையிலேயே தெரியும், வீணாவது குறையும். சிறிய சமையலறை ஒன்று நான்கு பேருடன் நல்ல காரியம் செய்ய முடியும். இவற்றை நான் மறுக்கவில்லை.

இதைக் கச்சேரியுடன் ஒப்பிடுபவர்கள் உண்டு. வித்துவான் வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிக்கிறார், சபையினர் ஒழுங்கை வகுப்பதில்லை, அதுபோலத்தான் இதுவும் என்பார்கள். ஒப்புமை நல்லதுதான். ஆனால் கச்சேரியில் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். பிற்பகுதியில் துண்டுச்சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பி ஒரு பாட்டைக் கேட்கவும் செய்யலாம். எமது வாழையிலை விருந்தில் இதைவிடச் சுதந்திரம் அதிகம். எல்லாம் ஒரே நேரத்தில் இலையில் இருக்கும். பருப்பில் தொடங்குவதா கத்தரிக்காயில் தொடங்குவதா என்பது உண்பவரின் இராச்சியம். இலைக்கு மேலே கையை மறித்தால் அதற்கு மேல் ஒரு பருக்கை விழாது. நிரல் விருந்தில் பதினோராவது தட்டில் வயிறு நிரம்பிவிட்டது என்று சொல்பவர், மீதி ஐந்துக்கும் சேர்த்தே பணம் கட்டியிருக்கிறார்.

ஆகவே வாசலில் செய்யும் தெரிவு மிகப் பாரதூரமானது. அதற்கு வழிகாட்ட வருபவர்கள் யார் என்று பார்ப்போம்.

மிச்செலின் கைநூல் 1900ஆம் ஆண்டில் ரயர் உற்பத்தி செய்த இரு சகோதரர்களால் வெளியிடப்பட்டது. அப்போது பிரான்சில் இருந்த மோட்டார் வாகனங்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அச்சிட்ட பிரதிகளோ ஏறத்தாழ 35,000. மக்கள் அதிகம் பயணம் செய்தால் ரயர் அதிகம் தேயும் என்ற எளிய கணக்கு அது. 1926இல் நட்சத்திரம் வந்தது. 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை வந்தது. இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை விட்டு விலகிப் போகத் தகுந்தது. மூன்று என்றால் அதற்கென்றே ஒரு பயணம் செய்யத் தகுந்தது. கவனியுங்கள், அளவுகோல் முழுவதும் வீதியிலேயே இருக்கிறது. வியாபாரி ஒருவர் தனது வியாபாரத்துக்காக நல்ல காரியம் செய்வதில் பிழையில்லை. அவருடைய விளம்பரத்தை வேதமாக்கிய பிழை எம்முடையது.

அந்த வேதத்தில் ஓட்டைகள் இருப்பதை அவர்களது சொந்த வீட்டார் ஒருவரே சொல்லியிருக்கிறார். 2004இல் பஸ்கால் ரெமி என்ற முன்னாள் பரிசோதகர், பிரான்ஸ் முழுவதையும் சுற்றிவரப் போதிய பரிசோதகர்கள் இல்லை என்றும் தொடமுடியாத பெரிய உணவகங்கள் சில உண்டு என்றும் புத்தகமாக எழுதினார். நிறுவனம் அதை மறுத்தது. மறுத்த அடுத்த ஆண்டு, 2005இல், பெல்ஜியத்தின் ஒஸ்ரென்ட் நகரில் இன்னும் கதவே திறக்காத உணவகம் ஒன்றை நியாய விலையில் நல்ல சாப்பாடு தருவதாக அதே கைநூல் பாராட்டியிருந்தது. அச்சிட்ட பதிப்பை மீளப்பெற வேண்டியதாயிற்று. சமைக்காத சோற்றுக்குச் சான்றிதழ் கொடுத்த பெருமை வேறு யாருக்கு உண்டு?

அண்மைக் காலத்தில் இன்னொரு வழக்கம் சேர்ந்திருக்கிறது. கைநூல் ஒரு நாட்டுக்கு வருவதற்கு அந்நாட்டுச் சுற்றுலாத் துறை பணம் செலுத்துகிறது. தாய்லாந்து 2017இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 144 மில்லியன் பாத் ஒதுக்கியது. கலிபோர்னியாவின் சுற்றுலா அமைப்பு 2019ஆம் ஆண்டுக் கைநூலுக்காக 6 இலட்சம் டொலர் கொடுத்தது. நட்சத்திரம் காசுக்கு விற்கப்படுகிறது என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரமில்லை. வானத்தின் எந்தப் பகுதியைத் தொலைநோக்கியால் பார்ப்பது என்பதில் காசு பேசுகிறது என்று மட்டும் சொல்கிறேன். பார்க்கப்படாத பகுதி இருட்டு என்று நம்புவது வாசகனின் பிழையாக இருக்கும்.

மற்றைய பட்டியல் 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்'. 2002இல் லண்டன் சஞ்சிகை ஒன்று தொடங்கியது. தம் பணத்தில்தான் உண்டோம் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வாக்களிப்பவர்களுக்கு இல்லை என்பதை முக்கியமான குற்றச்சாட்டாகக் கொண்டு 2015இல் பிரான்சிலிருந்து ஓர் எதிர்ப்பு மனுவே கிளம்பியது. 2019இல் பட்டியற்காரர்கள் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: முன்பு முதலிடம் பெற்றவை இனிப் போட்டியில் சேர்க்கப்படா. உலகிலேயே சிறந்தது என்று தாமே முடிசூட்டிய உணவகங்களை வெளியே நிறுத்திவிட்டு, மீதியில் சிறந்ததை உலகில் சிறந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய தலைப்புச் செய்தி வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. மூன்று தசாப்தங்களாகத் தலைப்புச் செய்தி எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. நட்சத்திரத்தில் தீர்ப்பு இருக்கிறது, தீர்ப்புரை இல்லை. 2019 ஜனவரியில் மூன்றாவது நட்சத்திரத்தை இழந்த மார்க் வெய்ரா என்ற சமையற்காரர் நீதிமன்றம் போனார். உள்ளூர்ப் பாற்கட்டிகளைக் கொண்டு செய்த பதார்த்தத்தில் ஆங்கிலேயரின் செடார் சேர்த்ததாகப் பரிசோதகர் நினைத்துவிட்டார் என்பது அவரது ஆத்திரம். என்ன காரணத்துக்காக இறக்கினீர்கள், ஆவணத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். ஆண்டின் கடைசி நாளில் நந்தேர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். வாழ்நாளைச் சமையலுக்குக் கொடுத்தவருக்கே காரணம் சொல்லாத ஒரு தீர்ப்பை, பணம் கொடுக்கும் நாம் ஏன் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும்?

இந்தத் தீர்ப்புகளின் பாரத்தைச் சமையற்காரர்கள் சுமந்த விதமும் நினைவில் கொள்ளத் தக்கது. பேர்னார் லுவாசோ 2003 பெப்ரவரியில் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். கடனும் மனச்சோர்வும் அவரை வாட்டின. ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. ஆயினும் ஒரு கைநூல் அவரது புள்ளிகளை 19இலிருந்து 17ஆகக் குறைத்திருந்தது. மூன்றாவது நட்சத்திரமும் போகப்போகிறது என்ற வதந்தி பத்திரிகைகளில் உலாவியது. அந்த ஆண்டு நட்சத்திரம் போகவில்லை, மனிதர் போய்விட்டார். 2005இல் அலென் சொந்திரான்ஸ், பாரிஸில் தாம் நடத்திய லூக்கா கார்ட்டோனின் மூன்று நட்சத்திரங்களையும் வேண்டாம் என்றார். 2017இல் செபஸ்தியான் பிரா, என்னைக் கைநூலிலிருந்து நீக்கிவிடுங்கள், நிம்மதியாகச் சமைக்க வேண்டும் என்று கேட்டார். நீக்கினார்கள். 2019இல் அவரைக் கேளாமலே இரண்டு நட்சத்திரத்துடன் திரும்பச் சேர்த்தார்கள்.

இனி மேசைக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றி. இருபது சிறு பதார்த்தம் என்றால் இருபது அலங்காரம். ஓர் இலையைக் குறட்டால் எடுத்து வைக்க ஒருவர், பட்டாணியின் தோலை ஒவ்வொன்றாக உரிக்க இன்னொருவர். இத்தனை கைகளுக்கும் சம்பளம் கொடுத்தால் கணக்குப் பொருந்தாது. எனவே பயிற்சி என்ற பெயரில் இலவசக் கைகள் தேடப்பட்டன. 2011இல் மூடப்பட்ட எல் புல்லியில் ஒவ்வொரு பருவமும் முப்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் படுக்க இடமும் உண்ண உணவும் பெற்றுக்கொண்டு சம்பளமின்றி உழைத்தார்கள். ஐந்து தடவை உலகின் முதலிடம் என்று அறிவிக்கப்பட்ட கொப்பன்ஹேகனின் நோமா, தனது பயிற்சியாளர்களுக்கு 2022 ஒக்ரோபரில்தான் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. இதனால் மாதச் செலவு குறைந்தது 50,000 டொலரால் உயர்ந்ததாக நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. மூன்றே மாதத்தில், 2023 ஜனவரியில், வழமையான உணவகச் சேவையை 2024 முடிவில் நிறுத்தப்போவதாக நோமா அறிவித்தது. இந்த முறை நிலைத்து நிற்கக்கூடியதல்ல என்று அதன் நிறுவுநரே சொன்னார். மூடும் முடிவுக்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். இருந்தாலும், கூலி கொடுக்கத் தொடங்கியதும் தள்ளாடுகிற ஒரு விருந்து, அதற்கு முன்னர் யாருடைய செலவில் நடந்தது என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

பாரிஸில் இந்தக் கேள்வி எமது வீட்டுக்குள்ளேயே வருகிறது. எண்பதுகளில் போரிலிருந்து தப்பி லா சப்பலில் வந்து இறங்கிய எமது இளைஞர்களுக்கு மொழி தெரியாது, பத்திரம் கிடையாது. உணவகத்தின் பின்கதவு ஒன்றுதான் திறந்திருந்தது. கோப்பை கழுவினார்கள், பிறகு மரக்கறி வெட்டினார்கள், பலர் சமையற்காரர்களாக உயர்ந்து பிரெஞ்சுக் குழம்புகளைப் பிரெஞ்சுக்காரருக்கே செய்து போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை தங்கைகளின் கலியாணம், எத்தனை தம்பிமாரின் கொழும்புப் பயணம், எத்தனை கல்வீடுகள் கோப்பை கழுவிய காசில் நடந்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை. 2008 ஏப்ரலில் பாரிஸ் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வதிவிடப் பத்திரமில்லாத தொழிலாளர்கள் தாம் வேலை செய்த இடங்களிலேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மாலி முதலான மேற்கு ஆபிரிக்க நாட்டவர். உணவகத் தொழிலாளர் கணிசமானோர். வரி கட்டுகிறோம், சமைத்துப் போடுகிறோம், இருக்க உரிமை இல்லையா என்பதுதான் அவர்களது கேள்வி. அத்தகைய கேள்விக்கு எந்தக் கைநூலிலும் ஒரு குறியீடு இல்லை. கரண்டிக்கும் முள்ளுக்கும் குறியீடு இருந்தது.

எப்படித்தான் தெரிவு செய்வது என்று கேட்பீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலாவதாக, பெயரும் முகவரியும் உள்ள விமர்சகரைப் படியுங்கள். தன் பெயரைப் போட்டு, தன் பத்திரிகையின் பணத்தில் உண்டு, காரணம் சொல்லி எழுதுபவர் தவறினாலும் எங்கே தவறினார் என்று எமக்குத் தெரியும். 2016இல் நியூயோர்க் ரைம்ஸின் பீற் வெல்ஸ், அந்நகரின் 'பெர் சே' உணவகத்தைத் தமது பத்திரிகையின் நான்கு நட்சத்திரத்திலிருந்து இரண்டுக்கு இறக்கினார். 2017இல் ஒப்சேவர் பத்திரிகையின் ஜே ரெய்னர், பாரிஸின் 'ல சாங்' என்ற மூன்று நட்சத்திர உணவகத்தில் இருவருக்கு 600 யூரோ கொடுத்து உண்டுவிட்டு எழுதிய கண்டனம் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. இருவரும் தட்டுத் தட்டாகக் காரணம் காட்டினார்கள். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் வாசகரின் உரிமை. காரணம் சொல்லப்பட்ட இடத்தில்தான் மறுப்புச் சொல்லவும் முடியும்.

இரண்டாவதாக, பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். நிரல் விருந்துடன் தெரிந்தெடுத்து உண்ணும் பட்டியலையும் வைத்திருக்கும் உணவகம் தனது விருந்தினரை நம்புகிறது. பாரிஸின் வோஸ்ஜ் சதுக்கத்தில் பேர்னார் பக்கோ நடத்திய லாம்புருவாசி, பல பத்தாண்டுகள் மூன்று நட்சத்திரத்துடன் இருந்தது. அங்கே பட்டியல் மட்டுமே, நிரல் விருந்து கிடையாது. உச்சத்தைத் தொட நிரல் கட்டாயம் என்ற வாதத்துக்கு அந்த ஓர் உணவகமே பதில்.

மூன்றாவதாக, பதிவு செய்வதற்கு முன்னர் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டா, அப்பாவுக்கு நீரிழிவு, நான்கு மணி நேரம் இருக்க முதுகு இடம் கொடாது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வரும் பதிலில் அந்த உணவகத்தின் குணம் தெரிந்துவிடும். பாரிஸின் ஆர்பேஜ் உணவகத்தில் அலென் பசார் 2001இலேயே சிவப்பு இறைச்சியைக் கைவிட்டார். 2025இல் தேன் ஒன்றைத் தவிர விலங்குப் பொருள் அனைத்தையும் நீக்கினார். மரக்கறியால் ஒரு மகா விருந்து படைக்க முடியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆகவே சைவம் என்றவுடன் முகம் சுளித்து, இறைச்சியை எடுத்துவிட்டு மிச்சத்தை வைக்கும் இடத்துக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

நான்காவதாக, முழுக் கணக்கையும் போடுங்கள். விருந்தின் விலை ஒன்று. ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமாக ஊற்றப்படும் வைனின் விலை அதற்குச் சமமாகவும் இருக்கலாம். பிரான்சில் சேவைக் கட்டணம் விலைக்குள் அடக்கம். விலைப்பட்டியலை வெளியே தொங்கவிட வேண்டும். கேட்டால் ஒரு குடுவை குழாய்த் தண்ணீரும் பாணும் உணவுடன் இலவசமாகத் தரவேண்டும். இவை சட்டம், கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. லண்டனிலும் நியூயோர்க்கிலும் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் ஏறுவது வழக்கம். பல இடங்களில் முற்பணமோ கடனட்டை எண்ணோ கேட்பார்கள். கடைசி நேரத்தில் வர முடியாவிட்டால் பணம் போய்விடும். இதற்கெல்லாம் எளிய பரிகாரம் ஒன்றுண்டு: மத்தியானம் போங்கள். பாரிஸின் பெரிய உணவகங்கள் பலவற்றில் வாரநாள் மதிய விருந்து குறுகியது, விலையும் குறைவு. சமையலறை அதேதான், வேலை செய்யும் கைகளும் அவையேதான்.

அதற்கும் வசதி இல்லையென்றால் குறையொன்றுமில்லை. 1992இல் கிரியோன் என்ற பெரிய ஹோட்டலின் சமையலறையை விட்டு வெளியேறிய ஈவ் காம்தபோர்ட், பாரிஸின் பதினான்காம் வட்டாரத்தில் ஒரு சிறிய கடையைத் திறந்து, அரண்மனைக் கைப்பக்குவத்தைச் சாதாரண விலைக்கு விற்றார். அவர் வழியைப் பின்பற்றியவர்களின் கடைகள் அந்த நகரெங்கும் இருக்கின்றன. பூச்சாடிக்கும் பளிங்குத் தரைக்கும் அங்கே நீங்கள் வாடகை கட்ட வேண்டியதில்லை.

ஐந்தாவது, என் கணக்கில் முதலாவது: உழைப்பவருக்குக் கூலி ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள். 2015இல் மேற்சொன்ன பெர் சே, தனிப்பட்ட விருந்துகளில் அறவிட்ட சேவைக் கட்டணம் தொடர்பாக நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபருடன் இணக்கம் கண்டு, 5 இலட்சம் டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. பிரித்தானியாவில் 2024 ஒக்ரோபர் முதல், வாடிக்கையாளர் கொடுக்கும் சேவைப் பணம் முழுவதும் தொழிலாளருக்கே சேரவேண்டும் என்பது சட்டம். இத்தகைய சட்டம் வந்ததே, கேள்வி கேட்டவர்கள் இருந்ததால்தான். சம்பளமில்லாப் பயிற்சியாளர் இங்கே உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மீன் எந்தக் கடலில் பிடிபட்டது என்று பரிமாறுபவர் பத்து நிமிடம் விளக்குகிறார். அதை வெட்டிய கைக்கு என்ன கிடைத்தது என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லட்டுமே.

ஈழத்தில் 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மக்களை மறந்து விருந்தைப் பற்றி எழுதுகிறாயே என்று ஒருவர் கடிந்துகொள்ளக் கூடும். அவருக்கு மரியாதையுடன் ஒரு பதில். வரிசையில் நின்றவர்களில் பலருக்கு அந்த மாதச் செலவுக்குப் பணம் அனுப்பியது வெளிநாட்டுச் சமையலறைகளில் நின்ற கைகள்தான். அந்தக் கைகளுக்கு உரியது கிடைக்கிறதா என்று கேட்பது, பசியை மறந்தவனின் பேச்சாக இருக்க முடியாது.

இன்னொருவர் சொல்லக்கூடும்: எமக்கு இந்தச் சமையலைப் பற்றி என்ன தெரியும், அறிந்தவர்களின் பேச்சைக் கேட்பதே அறிவு என்று. எமக்குத் தெரியாது என்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். பாரிஸில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோப்பை கழுவிய நண்பர் ஒருவரிடம், நல்ல சமையற்காரர் யார் என்பதை நீங்கள் எப்படி அறிவீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "சனம் வாயாலை சொல்லுறது ஒண்டு, கோப்பை சொல்லுறது இன்னொண்டு" என்றார். மேசையில் இருந்து சமையற்காரருக்குப் பாராட்டு அனுப்பிய அதே விருந்தினரின் தட்டு பாதி தொடாமல் திரும்பி வருவதை அவர் ஒவ்வோர் இரவும் கண்டிருக்கிறார். பாணால் துடைத்து வழித்த தட்டு எந்தப் பதார்த்தத்துக்குரியது என்பதும் அவருக்குத் தெரியும். பரிசோதகர் வருவது எப்போதாவது. அவர் நின்றதோ தினமும் பத்து மணி நேரம்.

லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இப்படிப்பட்டவர்கள் எமது கோயில் திருவிழாவில், எமது கலியாண மண்டபத்தில், சில வேளை எமது சொந்த வீட்டு விறாந்தையில் எமக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். உலகின் மிகச் சிறந்த சமையலறைகளின் உள்வீட்டுச் சேதி அவர்களிடம் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. எந்த முதலாளி ஆட்களை மரியாதையாக நடத்துகிறார், எங்கே சம்பளம் நாள் தவறாமல் வருகிறது, எங்கே மீன் அன்றன்று வருகிறது, எங்கே முதல் நாள் மிச்சம் மறுநாள் வேறு பெயரில் மேசைக்குப் போகிறது என்பதையெல்லாம் அறிய, கைத்தொலைபேசியை வைத்துவிட்டு அவர்களுக்கு ஒரு தேநீர் கொடுத்தால் போதும்.

அடுத்த விருந்துக்கு இடம் பதிவு செய்ய இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அப்பாவின் பிறந்தநாளுக்கு எந்த உணவகம் என்று பட்டியலைக் கேட்பதற்கு முதல், அப்பாவைக் கேளுங்கள். ஒருவேளை அவர் அங்கே வேலை செய்திருக்கவும் கூடும்.